முதலிடத்தில் ஒரு பூட்டிய கதவு!

“டாக்டர்...! யாராவது டாக்டர் இருக்கீங்களா...?”

அந்த அலறல் நாலாவது மாடியின் கண்ணாடிச் சுவர்களில் மோதித் திரும்பியது.

அலறியவருக்கு ஐம்பது வயதிருக்கும். பஸ் ஓட்டுநர் சீருடை. சட்டையின் மார்பு முழுக்க ரத்தம்...!

“ஒரு மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்யா! டாக்டரைக் கூப்பிடுங்கய்யா...!”

அவர் நின்று கத்திய இடம் ‘நாடிஜெட்’ நிறுவனத்தின் தலைமை அலுவலகம். வாசலில் ஆளுயர எழுத்துகளில், ‘ஒரே நிமிடத்தில் டாக்டர்!’

உள்ளே ஒரு பெரிய கூட்டமே இருந்தது.

ஆப் எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஆப்புக்கு நிறம் பூசுகிறவர்கள் இருந்தார்கள். ஊழியர்களைச் சந்தோஷமாக வைத்திருக்கவென்றே சம்பளம் வாங்கும் ‘மகிழ்ச்சி அதிகாரி’ இருந்தார். படுத்துக்கொண்டு யோசிக்க மூட்டை மாதிரி நாற்காலிகள்... சாய்ந்துகொண்டு யோசிக்க ஊஞ்சல்...

டாக்டர் மட்டும் இல்லை!

ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மகிழ்ச்சி அதிகாரி மயங்கி விழுந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்து சேர்ந்தபோது, ‘பாய்ச்சல்’ என்று பெயர் வைத்த மீட்டிங் அறையின் தரையில், ஓர் இளைஞனின் மூச்சு பாய்ந்து போய்விட்டிருந்தது.

பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் உருண்டு கிடந்தது அந்த வெண்கலக் கோப்பை.

‘ஆண்டின் மிக நம்பகமான நிறுவனம்’ விருது!

*

இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவருக்குக் கோபம் வர ஒரு காரணம் போதும். லிஃப்டை விட்டு வெளியே வந்ததுமே கிடைத்துவிட்டது. வாசலில் நின்ற பெண் ‘இனிய விருந்தினர்’ என்ற ஸ்டிக்கரை அவருடைய காக்கிச் சட்டையில் ஒட்ட வந்தாள்.

“தொட்டுப் பாரு!” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் தொடவில்லை.

கோப்பையைக் குனிந்து பார்த்த கான்ஸ்டபிள், “கைரேகை இல்ல மேடம். யாரோ சானிடைசர் போட்டுத் துடைச்சிருக்காங்க. வாசனை வருது” என்றார்.

“சுத்தமான கொலைகாரன். மருத்துவக் கம்பெனி இல்லையா...? இங்க முதலாளி யாரு?”

கறுப்பு டீ ஷர்ட். தாடி. காலில் செருப்பு. கண்ணில் மட்டும் கண்ணீர் வருவதற்கான ஏற்பாடு. முன்னால் வந்தார் நிறுவனர்.

“எல்லாரும் என்னை ‘விஷன்’னு கூப்பிடுவாங்க.”

“ஏன், கண்ணுல கோளாறா?”

“இல்ல மேடம்... தொலைநோக்கு...”

“பக்கத்து ரூம்ல ஒருத்தன் மண்டைய உடைச்சிருக்கான். தொலைவுல என்னத்த நோக்கிக்கிட்டு இருந்தீங்க?”

“நான் ‘கனவு’ அறையில தியானத்துல இருந்தேன். இது எனக்குத் தனிப்பட்ட இழப்பு. நாங்க கம்பெனி இல்ல மேடம், ஒரு குடும்பம்.”

“அப்படியா... செத்துப் போன தம்பிக்கு வீடு எங்க?”

“அது... எச்.ஆர்.ல கேக்கணும்.”

“கல்யாணம் ஆனவரா?”

“எச்.ஆர்.ல...”

“பேராவது தெரியுமா, இல்ல அதுக்கும் எச்.ஆரா?”

விஷன் விழித்தார். “இங்க எல்லாரும் அவனை லிஸ்டிங்னுதான்... இன்டர்நெட் டைரக்டரிகள்ல நம்ம கிளினிக்கைப் பதியறது அவன் வேலை.”

“பிரமாதமான குடும்பம். என் வீட்டு நாய்க்குக்கூட நான் பேர் வெச்சிருக்கேன்!”

விஷனின் முகம் சிவந்தது. விரலை நீட்டினார். மூலையில், இரண்டு செக்யூரிட்டிகளுக்கு நடுவே, தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார் அந்த ஓட்டுநர்.

“கொலைகாரன் அங்க இருக்கான் மேடம். போன மாசம் இவன் சம்சாரம் இறந்ததுக்கு நாங்கதான் காரணம்னு வந்து கலாட்டா பண்ணான். இன்னிக்குக் காலையில மிரட்டல் போன். ரெக்கார்டிங் இருக்கு. அப்புறம் ரத்தச் சட்டையோட நிக்கறான். இதுக்கு மேல என்ன வேணும்?”

ரெக்கார்டிங் ஓடியது. கைக்குட்டையை வைத்து அடைத்த குரல்.

‘என் பொண்டாட்டியக் கொன்னது அந்த லிஸ்டிங் போட்டவன்தான்... இன்னிக்கு அவன் உயிரோட வீடு போய்ச் சேர மாட்டான்...!’

“இது உங்க குரலா?” ஓட்டுநர் முன்னால் போய் நின்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல மேடம். நான் முகத்துக்கு நேராத்தான் திட்டுவேன். பஸ் ஓட்டறவன். ஒளிஞ்சு நின்னு திட்டிப் பழக்கமில்ல.”

“சம்சாரத்துக்கு என்ன ஆச்சு?”

ஓட்டுநர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“மூச்சுத் திணறல். எப்பவாவது வரும். அன்னிக்கு அதிகமா வந்துருச்சு. பின் சீட்டுல படுக்க வெச்சுக்கிட்டு காரை எடுத்தேன். போன்ல ‘பக்கத்துல டாக்டர்’னு தேடினேன். முதல்ல வந்தது நாடிஜெட். மரக்கடைத் தெருக் கிளை, எப்பவும் திறந்திருக்கும், அஞ்சு நட்சத்திரம். நாலு ரோடு முனையில நிக்கறேன் மேடம். வலது பக்கம் போனா பெரிய ஆஸ்பத்திரி. இடது பக்கம் போனா அதைவிடப் பக்கத்துல நாடிஜெட்னு போன் சொல்லுது...”

இடது கையைத் திருப்பிப் பார்த்தார்.

“நான் இடது பக்கம் திருப்பிட்டேன்.”

கான்ஸ்டபிள் எழுதுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“அங்க கிளினிக்கே இல்ல மேடம். நிஜமாவே மரக்கடை. பெரிய இரும்புக் கதவு, பூட்டு. உள்ளதான் இருப்பாங்கன்னு நெனச்சு தட்டறேன், தட்டறேன், கை வீங்கற வரைக்கும் தட்டறேன். திரும்பிப் பாத்தா... நிறுத்துங்கன்னு சொல்லக்கூட அவ இல்ல.”

“இன்னிக்கு ஏன் வந்தீங்க?”

“அந்தத் தம்பிதான் நேத்து போன் பண்ணுச்சு. ‘அந்தக் கிளையப் போட்டவன் நான்தான்ணே. உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும். வாங்க’ன்னுச்சு.”

“அடிக்கலாம்னு வந்தீங்களா?”

“ஆமா!” ஓட்டுநர் சட்டென்று நிமிர்ந்தார். “பொய் எதுக்கு? நாலு அறை விடணும்னுதான் படியேறி வந்தேன். வந்து பாத்தா தரையில கிடக்கான். தூக்கி மடியில போட்டேன். எவனோ எனக்கு முன்னாடி அடிச்சிருக்கான் மேடம். ஆனா அவனுக்கு என் அளவுக்குக் கோபம் இருந்திருக்காது. இருந்திருந்தா துடைச்சு வெச்சுட்டுப் போயிருக்க மாட்டான்.”

இன்ஸ்பெக்டர் கண்ணை இடுக்கினார்.

“மேடம், என்னை என்ன வேணா பண்ணுங்க. எனக்கு ஒரே பொண்ணு. அம்மாவும் இல்ல. சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்தா கதவைத் திறக்க ஆள் இல்ல. அவளும் ஒரு பூட்டின கதவு முன்னாடி நிக்கக் கூடாது மேடம்.”

ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டரின் செல்போன். மேலதிகாரி.

“என்னம்மா, அரெஸ்ட் பண்ணியாச்சா?”

“விசாரிச்சுக்கிட்டு இருக்கேன் சார்.”

“என்னத்த விசாரணை? ரத்தம் அவன் சட்டையில, மிரட்டல் அவன் வாயில. சாயந்திரத்துக்குள்ள கோர்ட்டுல நிறுத்து. நாளைக்கு அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டுலருந்து முதலீட்டாளர்கள் வர்றாங்க. நம்ம ஊருக்கே பெருமை.”

“பிணம் இன்னும் சூடு ஆறல சார்.”

“அதான் சொல்றேன், ஆறதுக்குள்ள முடி!”

இணைப்பு அறுந்தது. செல்போனை உடைக்காமல் பைக்குள் வைக்க இன்ஸ்பெக்டருக்குச் சற்று நேரம் பிடித்தது.

“யோவ், ஓட்டுநருக்கு விலங்கு மாட்டு.”

“மேடம்...?”

“மாட்டுய்யா. சாயந்திரம் வரைக்கும் எனக்கு நேரம் வேணும்!”

*

மிரட்டல் போனை எடுத்தவர் ‘ஹலோக்கா’. நாடிஜெட்டுக்கு வரும் எல்லா அழைப்புகளுக்கும் அவர்தான் பதில். நிறுவனத்தின் குரல். அந்தக் குரலுக்கு நிறுவனம் கொடுத்திருந்த இடம், கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை.

அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“இந்த லிஸ்டிங் சமாச்சாரம் என்னக்கா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“இன்டர்நெட்ல டைரக்டரின்னு நெறைய இருக்கு மேடம். கடை, டாக்டர், குழாய் ரிப்பேர், எல்லாரோட பேரும் விலாசமும் இருக்கும். அதுல நம்ம பேரையும் பதியணும். பல டைரக்டரில ஒரே பேரு, ஒரே விலாசம் இருந்தா, ஜனங்க தேடும்போது நாம மேல வருவோம். பத்து பேர் ‘அவர் நல்லவர்’னு சொன்னா பதினோராவது ஆளு நம்பிடுவான் பாருங்க, அப்படி.”

“அதுல தப்பு ஒண்ணும் இல்லையே.”

“தப்பே இல்ல. தம்பி ஆரம்பத்துல அழகாத்தான் பண்ணுச்சு. நமக்கு நிஜமா இருக்கறது ஒரே ஒரு கிளினிக். அதோட போட்டோ, திறக்கற நேரம், டாக்டர் பேரு எல்லாம் ஒவ்வொரு டைரக்டரியா உட்கார்ந்து ஏத்துச்சு. ஜனங்க வர ஆரம்பிச்சாங்க. அப்பதான் விஷன் சாருக்குப் பசி எடுத்துச்சு.”

“என்ன பசி?”

“‘இந்த ஏரியாவுல தேடினா மட்டும் முதல்ல வந்தா எப்படி? எந்த ஏரியாவுல தேடினாலும் நாமதான் முதல்ல வரணும்’னாரு. அதுக்கு எல்லா ஏரியாவுலயும் விலாசம் வேணுமே! கிளினிக் கட்ட மாசக்கணக்காகும். விலாசம் டைப் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஊரான் விலாசத்தை எடுத்துப் போட்டுட்டீங்க!”

“போடச் சொன்னாரு. தினம் யாராவது ஒருத்தர் ஒரு பூட்டின கதவு முன்னாடி நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ணுவாங்க. ‘எங்கம்மா உங்க கிளினிக்?’ நான் சொல்ல வேண்டிய பதிலை ஒட்டி வெச்சிருக்காரு, பாருங்க.”

திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் காகிதம். ‘தங்கள் வசதிக்காகக் கிளை புதுப்பிக்கப்படுகிறது. புன்னகையுடன் சொல்லவும்.’

இன்ஸ்பெக்டர் அதைப் பிய்த்துக் கசக்கினார்.

“அந்தம்மா செத்த பிறகு தம்பி சரியாச் சாப்பிடல மேடம். ‘எல்லாப் பொய் விலாசத்தையும் எடுத்துடப் போறேன்க்கா’ன்னுச்சு. நேத்து விஷன் சார் ரூம்ல ஒரே சத்தம். ‘நாளன்னிக்கு மீட்டிங், இப்ப எடுத்தா தேடல்ல கீழ போயிடுவோம், ஒரு வாரம் பொறு’ன்னு இவர் கத்தறாரு. ‘ஒரு வாரத்துல இன்னும் எத்தனை பேர் சார்?’னு தம்பி கத்துது.”

“மிரட்டல் போன் வந்தப்ப தம்பி எங்க?”

“இதோ, என் தோள் பக்கத்துல நின்னுச்சு. ஸ்பீக்கர்ல போட்டேன். ‘திட்டட்டும்க்கா, நியாயம்தானே’ன்னு சொல்லிட்டு அந்த ரூமுக்குப் போச்சு... அதான் கடைசி...”

ஹலோக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரையில் அந்த அழைப்பைக் காட்டினார்.

“இது என்ன, பக்கத்துல ‘தெருமுனை’ன்னு?”

“டைரக்டரி பேரு மேடம். ஒவ்வொரு டைரக்டரிக்கும் வேற வேற போன் நம்பர் குடுத்திருக்கோம். எல்லாம் இங்கதான் அடிக்கும். யார் எதைப் பாத்துட்டுக் கூப்பிடறாங்கன்னு எண்ணறதுக்காக. தெருமுனை நம்பருக்கு வந்த முதல் போன் இதுதான். அதுக்கு முன்னாடி ஒரு ஈ காக்கா கூப்பிட்டதில்ல.”

இன்ஸ்பெக்டர் தன் செல்போனில் ‘தெருமுனை’யைத் திறந்தார். ‘நாடிஜெட்’ என்று தட்டினார்.

‘அப்படி எதுவும் இங்கே இல்லை.’

மறுபடி தட்டினார்.

இல்லை...!

பக்கத்தின் அடியில் இருந்த எண்ணை உடனே அழைத்தார். கரகரத்த குரல் ஒன்று எடுத்தது.

“தெருமுனை. என்ன கடை?”

“கடை இல்ல சார். இன்ஸ்பெக்டர் பேசறேன்.”

“போலீஸ் ஸ்டேஷனா? ஏற்கெனவே போட்டிருக்கேன். நேர்ல வந்து பாத்துட்டுத்தான் போட்டேன். வாசல்ல குழாய் ஒழுகுது, அதையும் போட்டிருக்கேன்.”

“அதை அப்புறம் பேசலாம். நாடிஜெட்னு ஒரு கம்பெனி...”

“அந்தப் பேரை எங்கிட்ட சொல்லாதீங்க!” செல்போன் அதிர்ந்தது. “பழைய பாலம் கிளைன்னு ஒண்ணு அனுப்பினானுங்க. நான் கண்ணால பாக்காம எதையும் போடறதில்ல. சைக்கிளை மிதிச்சுக்கிட்டுப் போனேன். அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? மெத்தை தைக்கற கடை! ‘டாக்டர் எங்கப்பா’ன்னு கேட்டா, ‘முதுகு வலியா? இதுல படுத்துப் பாருங்க’ங்கறான்!”

“அப்ப நீங்க அதை வெளியிடவே இல்ல?”

“எப்படி வெளியிடுவேன்? லிஸ்டிங்கறது ஒரு வாக்கும்மா. இங்க போனா ஆள் இருப்பான்கற வாக்கு. நிறுத்தி வெச்சிருக்கேன்.”

“அதுல குடுத்த போன் நம்பரை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நானா? என் பொண்டாட்டிக்கே நான் பாஸ்வேர்டு சொன்னதில்ல!”

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். அவர் கண்களில் ஒரு பொறி.

“அக்கா... அந்த நம்பர் உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது மேடம். எனக்கு டைரக்டரி பேரு மட்டும்தான் வரும். நம்பர் எல்லாம் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கும். அப்புறம்...”

“அப்புறம்?”

ஹலோக்கா குரலைத் தாழ்த்தினார்.

“விஷன் சார் லேப்டாப்புல.”

கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார். “புரியல மேடம்.”

“யோவ், வெளியில வராத நம்பரை வெளியாள் எப்படிய்யா கூப்பிடுவான்? மிரட்டல் போன் உள்ளேருந்து வந்திருக்கு. தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் அந்த நேரத்துல ஹலோக்கா பக்கத்துல நின்னான். இன்னொருத்தன் தியானம் பண்ணிக்கிட்டு இருந்தான்!”

*

விஷன் அசரவில்லை.

“தெருமுனையா? நான் அந்தச் சின்ன விவரங்களுக்குள்ள எல்லாம் போறதில்ல மேடம். எனக்குக் கழுகுப் பார்வை. தெருத்தெருவாப் பாக்கறது அவன் வேலை.”

“அந்தப் பொய் விலாசம் எல்லாம்?”

“அவன் எங்களை ஏமாத்திட்டான் மேடம்! கிளை திறந்தாச்சுன்னு சொன்னான், நம்பினேன். நிஜமான கிளினிக் ஒண்ணு எனக்குத் தெரியும். மத்த எந்த விலாசமும் சத்தியமா எனக்குத் தெரியாது. போன் நம்பரை எவனாவது ஹேக்கர் திருடியிருப்பான்.”

செத்தவன் தலையில் இன்னொரு கோப்பை!

இன்ஸ்பெக்டரின் கை துறுதுறுத்தது. “லேப்டாப்பைக் குடுங்க.”

“வாரன்ட் இருக்கா? அதுல முதலீட்டாளர் ரகசியங்கள் இருக்கு.” சொல்லிக்கொண்டே விஷன் செல்போனை நீட்டினார். “உங்க மேலதிகாரி லைன்ல இருக்காரு.”

“லேப்டாப்பைத் தொடாதேம்மா!” என்றது போன். “அவர் சாட்சி. மரியாதையா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் வாக்குமூலம் வாங்கு. ஓட்டுநரைக் கோர்ட்டுக்கு அனுப்பு. புரியுதா?”

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

ஜீப் கிளம்பியது. கான்ஸ்டபிள் ஓட்டினார். முன்னால் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரே பெஞ்சில், கையில் விலங்கோடு ஓட்டுநர், கையில் லேப்டாப் பையோடு விஷன்.

“நம்ம ரெண்டு பேருக்குமே இது கஷ்டமான நாள்” என்று விஷன் ஆரம்பித்தார்.

“வாயை மூடு!” என்றார் ஓட்டுநர்.

இன்ஸ்பெக்டர் திரும்பாமலே பேசினார். “விஷன் சார், ஒண்ணு மட்டும் சொல்றேன். இந்த லேப்டாப் இன்னிக்கு உங்க மடியில இருக்கு. வாரன்ட் கேட்டு நான் நேரா ஜட்ஜ் வீட்டு வாசல்லயே போய் உட்காரப் போறேன். மேலதிகாரிக்கு மேலயும் அதிகாரிங்க இருக்காங்க. நீங்க எதை அழிச்சாலும், அழிச்ச இடத்துல ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளத்துலயே உங்களைப் புதைப்பேன்!”



பின்னாலிருந்து ஒரு முனகல்.

“ஆ... மேடம்... நெஞ்சு...!”

“நடிக்காதீங்க.”

“இல்ல... இடது பக்கம்... பிசையுது... அம்மா...!”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். விஷனின் முகம் வெளுத்திருந்தது. தாடியிலிருந்து வியர்வை சொட்டியது. இவ்வளவு நன்றாக நடிக்கக்கூடிய ஆள் இல்லை!

“மேடம், நிஜம்தான் போலருக்கு!” கான்ஸ்டபிள் பதறினார். “எங்க போகட்டும்?”

இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார். ஆபத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ‘பக்கத்தில் டாக்டர்.’

முதல் பெயரைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது. உரக்கப் படித்தார்.

“நாடிஜெட், பழைய பாலம் கிளை. எப்பவும் திறந்திருக்கும். அஞ்சு நட்சத்திரம். அடுத்த திருப்பத்துலயே இருக்காம். யோவ், இடது பக்கம் திருப்பு!”

“வேணாம்...!” விஷன் அலறினார்.

“ஏன் சார்? உங்க கிளினிக்தானே? ஒரே நிமிஷத்துல டாக்டர்!”

“திருப்பாதீங்க...! அங்க டாக்டர் இல்ல...!”

“போன்ல போட்டோ எல்லாம் இருக்கே! திருப்புய்யா!”

“ஐயோ, அது மெத்தை தைக்கற கடை...!”

சர்ர்ரக்...!

ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“எந்த விலாசமும் தெரியாதுன்னு சத்தியம் பண்ணீங்களே, விஷன் சார். அந்த விலாசத்துல மெத்தைக் கடை இருக்கறது எனக்குத் தெரியும். ஏன்னா, நேர்ல போய்ப் பாத்தவர் எங்கிட்ட சொன்னாரு. உங்ககிட்ட யார் சொன்னது? கழுகா?”

விஷனின் வாய் திறந்தது.

ஆனால் சத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது.

“கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க மேடம்!” ஓட்டுநர்தான். கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. “வண்டியை வலது பக்கம் திருப்பச் சொல்லுங்க! பெரிய ஆஸ்பத்திரிக்கு! சீக்கிரம்!”

“நீங்களா சொல்றீங்க?”

“நான்தான் சொல்றேன்! இவன் சாகக் கூடாது! செத்தா மாலை போட்டு, மெழுகுவத்தி ஏத்தி, ‘தொலைநோக்காளர்’னு போஸ்டர் ஒட்டுவானுங்க. இவன் உயிரோட இருக்கணும். கூண்டுல ஏறி, என் சம்சாரம் பேரையும் அந்தத் தம்பி பேரையும் வாய் விட்டுச் சொல்லணும். பேரு தெரியாதுன்னா நான் சொல்லித் தர்றேன்! திருப்புய்யா வண்டியை...!”

கான்ஸ்டபிள் வலது பக்கம் ஒடித்தார். ஜீப் பறந்தது.

விஷன், விலங்கு மாட்டிய அந்தக் கையையே இறுகப் பிடித்துக்கொண்டார். வேறு பிடிமானம் இல்லை.

“சொல்லிடறேன்... எல்லாம் சொல்லிடறேன்... சீக்கிரம் போங்க... அவன் கேக்கல மேடம்... ஒவ்வொண்ணா எடுக்க ஆரம்பிச்சுட்டான்... மரக்கடை கிளைய எடுத்ததுமே அந்த ஏரியாவுல கீழ போயிட்டோம். ‘ஓட்டுநரை வரச் சொல்லியிருக்கேன், அவர்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கப் போறேன்’னான்... அதான், பழி இவர் மேல விழட்டும்னு... பின்னாலருந்து...”

“அதுக்கு முன்னாடி மிரட்டல் போன். லேப்டாப்லருந்து?”

“ஆமா...”

“சரி, ஒரு சந்தேகம். ஆபீஸுக்கு எத்தனையோ நம்பர் இருக்கு. ஜனங்க தினம் கூப்பிடற ஒரு நம்பர்ல பண்ணியிருந்தா உங்களை நான் தொட்டிருக்கவே முடியாது. ஒருத்தருமே கூப்பிடாத தெருமுனை நம்பரை ஏன்யா எடுத்தே?”

விஷன் மூச்சு வாங்கினார். அந்த நிலையிலும், அவர் குரலில் ஒரு தொழில் சுத்தம் இருந்தது.

“மத்த நம்பர்ல பண்ணா... எந்த டைரக்டரிலருந்து எத்தனை போன்ங்கற புள்ளிவிவரம் கெட்டுப் போயிடும் மேடம்... அது நாளைக்கு முதலீட்டாளருக்குக் காட்ட வேண்டிய ரிப்போர்ட்...”

கான்ஸ்டபிள் தன்னை மறந்து ஹாரனை அடித்தார்.

*

பெரிய ஆஸ்பத்திரி.

சுவரில் பெயின்ட் உதிர்ந்திருந்தது. மின்விசிறி கிறீச்சிட்டது. ஊஞ்சல் இல்லை. ஆனால், ஒரு டாக்டர் இருந்தார்!

“இருதயம் குதிரை மாதிரி இருக்கு” என்றார், கையைத் துடைத்துக்கொண்டே. “வந்தது வெறும் பயம். நீங்க ஏதாவது மிரட்டினீங்களா இன்ஸ்பெக்டர்?”

“அவரோட சொந்த கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன் டாக்டர். வேற ஒண்ணும் சொல்லல.”

பயம் என்று தெரிந்ததுமே விஷனுக்குக் கட்டிலில் பழைய தெம்பு வந்துவிட்டது. “நான் உடம்பு சரியில்லாதப்ப சொன்னது எதுவும் செல்லாது! என் வக்கீல்...”

“கூப்பிடுங்க. உங்களை இங்க பரிசோதிச்ச நேரத்துல ஜட்ஜ்கிட்டருந்து வாரன்ட் வந்தாச்சு. உங்க லேப்டாப்பையும் திறந்தாச்சு. தெருமுனை நம்பருக்குப் போன அந்த ஒரே ஒரு போன், அதுல அழகா உட்கார்ந்திருக்கு. உங்க ரிப்போர்ட் கெடவே இல்ல சார். பத்திரமா இருக்கு!”

செல்போன் அடித்தது. மேலதிகாரி.

“அந்த ஆள் யாரு என்னன்னே எனக்குத் தெரியாதும்மா. நீ சட்டப்படி பண்ணு.”

“அப்படியே ஆகட்டும் சார். உங்களுக்கும் கழுகுப் பார்வைதான் போலருக்கு!” என்றார் இன்ஸ்பெக்டர். மறுமுனை பதில் தேடுவதற்குள் வைத்துவிட்டார்.

வராந்தாவில் ஓட்டுநரின் விலங்கு கழன்றது. கான்ஸ்டபிள் தன் மாற்றுச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். “இதோட போனா பொண்ணு பயந்துடும். இதைப் போட்டுக்கங்கண்ணே. கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும், எனக்குத் தொப்பை.”

ஓட்டுநர் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார். “மிச்சமிருக்கற பொய் விலாசம் எல்லாம் மேடம்?”

“ஹலோக்கா தம்பியோட கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு இருக்காங்க. எங்க ஆள் ரெண்டு பேர் பக்கத்துல நிக்கறாங்க. கடைசி ஒண்ணு போற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்னுட்டாங்க.”

“இனிமே எடுத்து...” ஓட்டுநர் பல்லைக் கடித்தார். முடிக்கவில்லை. வெளியே ஏதோ ஒரு பள்ளியின் மணி அடித்தது. பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“ஓடுங்கண்ணே!” என்றார் இன்ஸ்பெக்டர். “ஜீப் நிக்குது. நீங்க ஓட்டாதீங்க, இவன் ஓட்டட்டும்.”

ஓட்டுநர் ஓடினார்.

மறுபடி செல்போன். கரகரத்த குரல்.

“அம்மா, தெருமுனை பேசறேன். அந்த நாடிஜெட் சமாச்சாரம் இன்னும் என் கம்ப்யூட்டர்ல தொங்கிக்கிட்டு இருக்கு. தூக்கிக் குப்பையில போட்டுடவா?”

இன்ஸ்பெக்டர் வார்டின் உள்ளே பார்த்தார். கான்ஸ்டபிள் ஓட்டுநருக்குக் கழற்றிய அதே விலங்கு, இப்போது கட்டில் கம்பியோடு சேர்ந்து விஷனின் கையில்!

“வேணாம் சார். நிறுவனர் பேரை அப்படியே வெச்சுக்கிட்டு, விலாசத்தை மட்டும் மத்திய சிறைன்னு மாத்துங்க. இருபத்திநாலு மணி நேரமும் ஆள் உள்ள இருப்பாரு... நீங்க எத்தனை தடவை வேணா சைக்கிள்ல போய் சரிபாத்துக்கலாம்!”